கீழே வைத்த கோப்பை

லிப் ஊரைத் தாண்டித் தெற்கே போகக் கூடாது என்று எங்கள் வீட்டுக்கு விதித்திருந்தது. போலீஸ் விதித்ததில்லை. போலீஸ் என் அண்ணனைப் பிடித்தது, கோர்ட்டு உள்ளே போட்டது, காலம் முடிந்ததும் வெளியே விட்டது. அதோடு சர்க்காருக்கும் அவனுக்கும் தீர்ந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவன் கையால் உயிர் போனால் கோர்ட்டு சொல்வது பாதிதான். மீதியைச் செத்தவனின் தகப்பன் சொல்ல வேண்டும். சமாதானம் என்று அவர் வாயால் சொல்கிறவரைக்கும் கொன்றவன் வீட்டார் அந்த மண்ணை மிதிக்கக் கூடாது. மிதிக்காதவரை செத்தவன் வீட்டாரும் கை வைக்க மாட்டார்கள். இந்தப் பொறுமைக்குத் தவணை என்று பெயர், மிதித்தால் அது முறிந்தது என்று அர்த்தம். அப்புறம் அண்ணன் தலைக்கு யாரும் பொறுப்பில்லை.

அண்ணன் சல்தி தண்ணீர் லாரி ஓட்டினவன். மக்காவிர் போகிற மலைப்பாதையில் ஒரு வளைவில், ஆடுகளோடு சாலையைக் கடந்த முத்லக் என்பவனை இடித்துவிட்டான். இடித்தது விதி என்று சொல்லலாம், அந்த ஊரில் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால் அவன் நிறுத்தவில்லை. பயத்தில் அப்படியே மாதபா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் சரணடைந்தான். நிறுத்தியிருந்தால் முத்லக் பிழைத்திருப்பானா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் இத்தனை வருஷமாக எங்களைத் தின்கிறது.

அன்றைக்கே லிப்புக்குத் தெற்கே இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் வடக்கே ஸர்காவுக்கு வந்துவிட்டோம். அப்பா அந்த அந்நிய ஊரிலேயே கண்ணை மூடினார். ஜெயிலிலிருந்து வந்த அண்ணன் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டாரின் ரிமோட், சார்ஜர் எல்லாவற்றையும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. படியிறங்குவதுகூட அபூர்வம். ஜெயிலில் இருந்தபோதாவது ஒரு நாள் வெளியே வருவான் என்று எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. பாதிரியாரையும் ஷேக்குகளையும் முத்லக்கின் தகப்பனாரிடம் அனுப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு வருஷத் தவணை கொடுத்து அனுப்பினாரே தவிர, சமாதானம் என்ற வார்த்தையை அவர் உச்சரிக்கவில்லை.

என் பெயர் கத்தாஸ். அரசாங்க லைசென்ஸ் வாங்கிய வழிகாட்டி. வேதப்புத்தகத்தில் வருகிற இடங்களைப் பார்க்க வரும் சபையாரைக் கூட்டிப்போவது என் பிழைப்பு. மோசே கடைசியாக நின்று பார்த்த நேபோ மலை, யோவான் ஞானஸ்நானம் கொடுத்த ஆற்றங்கரை, லோத்து ஒளிந்த குகை, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மக்காவிர் மட்டும் போக மாட்டேன். லிஸ்டில் மக்காவிர் வந்தால் கூட வேலை பார்க்கிற நபீலிடம் தள்ளிவிட்டு அவனுடைய நாளை நான் எடுத்துக்கொள்வேன். ஏன் என்று ஆபீஸில் சொன்னதில்லை. கொலைகாரன் தம்பி பின்னால் எந்தச் சபையார் ஜெபம் பண்ணிக்கொண்டு நடப்பார்கள்.

அந்த ஜனவரியில் மழை பேய்த்தனமாய்ப் பெய்தது. தெற்கே பள்ளத்தாக்குகளில் வெள்ளம் வந்து பாதிக்கு மேல் இடங்களை மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் யூட்டா பக்கத்திலிருந்து வந்த ஒரு சபை பஸ் நிறைய என் தலையில் இருந்தது. காலையில் ஆபீஸிலிருந்து போன். நபீல் ஆஸ்பத்திரியில், நீ இவர்களை மக்காவிர் கொண்டுபோ, அது மேட்டு நிலம், அங்கே வெள்ளம் வராது என்றார்கள். எனக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல்காரன் குரலா இது என்றார்கள். ரோடு சரியில்லை என்றேன். டிரைவரைக் கேட்டாயிற்று என்றார்கள். இதற்குமேல் எதைச் சொன்னாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். பெயர் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். டிரைவர் நிமர் வடக்கே இர்பித் ஊர்க்காரன், அவனுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மழைல எதுக்கு வாத்தியாரே கறுப்புக் கண்ணாடி? எவளையாவது ஏமாத்திட்டு ஓடிவந்த ஊரா இது?"

ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். லிப் தாண்டினோம். அந்த வளைவை நான் சம்பவத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. ஆனாலும் வந்தவுடனே தெரிந்தது, ஏனென்றால் ஓரத்தில் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். நான் மைக்கை எடுத்து, எல்லாரும் வலப்பக்கம் பாருங்கள், அதோ சாக்கடல் என்றேன். மூடுபனியில் சாக்கடலும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. கற்குவியல் இடப்பக்கம் இருந்தது.

மக்காவிர் குன்றுக்கு எங்கள் ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் தூக்குமேடை. ஏரோது கோட்டை இருந்த இடத்தில் இப்போது நாலைந்து தூண்களும் தரைமட்டத்துச் சுவர்களும் ஒரு பெரிய தண்ணீர்த்தொட்டியும்தான் மிச்சம். வெறும் குழியைக் காட்டி ராஜ சபை என்று நம்பவைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். மழைக்கோட்டுகளுக்குள் குறுகிப்போய் நின்றவர்களிடம், யோவான் ஸ்நானகன் அடைபட்டுக் கிடந்த கதையைச் சொன்னேன். விருந்தில் ஒரு பெண் ஆடினாள், அரசன் மனம் குளிர்ந்துபோய் எதைக் கேட்டாலும் தருகிறேன் என்று சத்தியம் பண்ணினான், அவள் தாயிடம் கேட்டு வந்து யோவானின் தலையைக் கேட்டாள், அவனும் கொடுத்தான். முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சொன்னதில் யோவானுக்குப் பதிலாக ஒரு தடவை சல்தி என்று வாய் தவறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

கூட்டத்தில் மூத்தவர் லொரெய்ன் என்ற அம்மாள். தலை முழுக்க வெள்ளை, கையில் ஊன்றுகோல், எதையும் சும்மா விடமாட்டார். ராஜாதானே, முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். விருந்தாளிகள் முன்னால் வாயை விட்டுவிட்டான் அம்மா, பிறகு எப்படி விழுங்குவது என்றேன். முட்டாள்தனம் என்றார். ஆமாம், முட்டாள்தனம்தான் என்று நானும் சிரித்துவைத்தேன். சீக்கிரம் இறங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு.

இறங்கினோம். ஆனால் போக முடியவில்லை. திரும்புகிற ரோட்டில் முதல் தாழ்விலேயே செம்மண் வெள்ளம் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. நிமர் இறங்கி ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தான். கல் உருண்டு போய்விட்டது. பஸ்ஸை இதில் விட மாட்டேன், எனக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றான். வேறு ரோடு கிடையாது. மக்காவிர் ஒரு முட்டுச்சந்து, பின்னால் குன்று, அதற்குப் பின்னால் பாதாளம். பஸ்ஸுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்து ஜன்னலைத் தட்டினார்.

"எறங்குங்க எல்லாரும். பொம்பளைங்க குளிர்ல நடுங்கறாங்க, நீ வண்டிக்குள்ள ஒக்காந்து கத சொல்லிட்டிருக்கியா? கூடாரம் இருக்கு, நெருப்பு இருக்கு."

யார் வீடு என்று நிமர் கேட்டான்.

"அபு முத்லக் வீடு."

அபு என்றால் தகப்பன். எங்களில் தகப்பனை மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். மகன் செத்தாலும் அந்தப் பெயர் தகப்பனை விட்டுப் போகாது. ஒவ்வொருவரும் கூப்பிடும்போதெல்லாம் அவர் காதில் அது விழுந்துகொண்டுதான் இருக்கும். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நான் வாயைத் திறக்காமல் நின்றேன். மற்றவர்கள் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் வண்டியில் இருந்தால் அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இறங்கினேன்.

ஆட்டு ரோமத்தில் நெய்த நீளமான கூடாரம். நடுவில் கணப்பு, சுற்றிலும் மெத்தை. ஜன்னலைத் தட்டியவரேதான் அபு முத்லக். எங்களை உட்காரவைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், பல்லெல்லாம் புகையிலைக் கறை. அவருடைய இரண்டாவது மகன் தியாப் காபிக் கூஜாவை நெருப்பில் சாய்த்து வைத்திருந்தான். முப்பது வயதிருக்கும், கண் ஒரு இடத்தில் நிற்காது. அந்தக் கண் என் கண்ணாடி மேல் வந்து நின்றது.

"எந்த ஊரு பங்காளி நீ?"

கரக் என்றேன்.

"கரக்ல யாரு வீடு?"

வாயில் வந்த ஒரு வீட்டின் பெயரைச் சொன்னேன். அங்கே எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, அவன் அப்பா சுகமா என்றான். சுகம் என்றேன். அவர் போன வருஷமே போய்ச்சேர்ந்துட்டாரே என்றான் தியாப். அவன் என்னை ஆழம் பார்க்கிறானா, உண்மையிலேயே ஒருவர் செத்தாரா என்று தெரியவில்லை. நான் சொன்னது வேறு ஒருவரை என்று மழுப்பினேன். நிமர் சிரித்துக்கொண்டே, இவனுக்கு நேத்துச் சாப்பிட்டதே ஞாபகமிருக்காது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவன்தான் ஞாபகமிருக்கும் என்றான். அந்த நிமிஷம் அவன் எனக்குத் தெய்வம் மாதிரி தெரிந்தான்.

தியாப் கூஜாவோடு எழுந்தான். கூட்டத்துக்குத் தலைவன் என்று முதல் கோப்பை எனக்கு. ஏலக்காய் மணக்கிற கசப்புக் காபி, கொதிக்கக் கொதிக்க. நான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாய்க் கோப்பையை ஆட்டி நீட்டினேன். குடித்தாயிற்று, இனி நான் இந்தக் கூடாரத்தின் விருந்தாளி, யாராயிருந்தாலும் என் மேல் கை வைக்க முடியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அந்த நினைப்பில்தான் அவ்வளவு அவசரமாய்க் குடித்தேன்.

அந்த அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். இந்த யூட்டா சபையாருக்குக் காபி, டீ, மது மூன்றும் விலக்கு. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் முன்னாலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவைப்பது என் வேலை. இவர்களுக்கு வெந்நீரும் புதினாவும் போதும் என்பேன், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இன்றைக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது கோப்பை மூத்தவர் என்று லொரெய்ன் அம்மாளுக்குப் போனது. அவர் அதை இரண்டு கையாலும் மரியாதையாய் வாங்கினார். தியாப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு கோப்பையை மெதுவாய்த் தன் முன்னே பாயில் வைத்துவிட்டு மடியில் கை கோத்துக்கொண்டார்.

கூடாரத்தில் பேச்சு நின்றது.

வெளியூர்க்காரன் யாருக்கும் இது புரியாது. எங்கள் கூடாரங்களில் விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்று அர்த்தம். பெண் கேட்டு வருகிறவன் வைப்பான். பகை தீர்க்க வருகிறவன் வைப்பான். எங்கள் பாதிரியாரும் ஷேக்குகளும் இதே பாயில்தான் ஒவ்வொரு வருஷமும் வைத்திருக்கிறார்கள். கேட்டது கிடைக்கிறவரை குடிக்க மாட்டான். குடிக்காமல் அவன் எழுந்து போனால் வீட்டுக்காரர் மானம் போயிற்று.

அபு முத்லக் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"காபிய குடிங்கம்மா. நீங்க எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்குக் குடுத்தாச்சு."

என்ன கேட்கிறாய் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கொடுப்பவர்தான் அவர். பாதிரியாரிடம் அப்படித்தான் அளந்து அளந்து கொடுத்தார். இந்தத் தடவை கேட்காமலே கொடுத்துவிட்டார். அந்நியப் பெண், என்ன கேட்டுவிடப் போகிறாள், ஒரு போட்டோவோ ஒரு ஆட்டுத்தோலோ என்று நினைத்தாரா, அல்லது வேறு நினைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்தானே. அந்த அம்மாள் என்ன சொன்னாலும் அது என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். நான் எதைச் சொன்னாலும் அது அந்த அம்மாள் கேட்டதாகிவிடும். சல்தியை விட்டுவிடுங்கள் என்று இரண்டு வார்த்தை. ஆனால் யூட்டாக் கிழவிக்குச் சல்தியை எப்படித் தெரியும்? சொன்ன மறுகணம் நான் யார் என்று தெரிந்துவிடும். தவணையை முறித்தவனே வந்து, ஒன்றும் அறியாத பெண்பிள்ளை வாயில் பொய்யை வைத்து ஏமாற்றினான் என்று ஆகும். சொல்லாவிட்டால் இப்படி ஒரு கோப்பை என் ஆயுளில் இன்னொரு முறை கீழே வைக்கப்படாது. லொரெய்ன் அம்மாளிடம் கேட்டேன், ஏன் குடிக்கவில்லை என்று. காபி எங்களுக்கு ஆகாது, உனக்குத் தெரியுமே, ஏதாவது தப்பாகிவிட்டதா என்றார்.

உண்மையைச் சொன்னேன். இவர்கள் மதத்தில் காபி விலக்கு, முன்னாலேயே சொல்லாதது என் தப்பு, இவர்களுக்கு விண்ணப்பம் எதுவும் இல்லை என்று அரபியில் சொன்னேன். தியாப் விழுந்து விழுந்து சிரித்தான். நிமரும் சிரித்தான். அபு முத்லக் சிரிக்கவில்லை.

"கோப்ப கீழ இருக்கு. வார்த்த என் வாயிலேர்ந்து போயிடுச்சு. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னா எப்படி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெசமாவே இந்தக் கூடாரத்துல யாருக்கும் எங்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லையா, அபு சல்தி மகனே?"

கண்ணாடியைக் கழற்றினேன். வேறு என்ன செய்வது. தியாப்பின் சிரிப்பு பாதியில் அறுந்தது. கூஜாவைக் கையில் பிடித்தபடியே ஓரடி முன்னால் வந்தான், கொதிக்கிற கூஜா. அபு முத்லக் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"ஒக்காருடா. நம்ம காபியக் குடிச்சிருக்கான்."

"தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னியா எங்கிட்ட?" என்றான் தியாப்.

"வண்டிலேர்ந்து எறங்கறப்பவே தெரியும். அவங்கப்பன் மாதிரியே ஒரு தோள எறக்கிட்டு நடக்கறான்." பிறகு என்னிடம், "நீ கீழ வப்பேன்னு பார்த்துட்டே இருந்தேன். நீ என்னடான்னா மருந்து மாதிரி முழுங்கிட்ட. இத்தன வருஷமா பெரிய மனுஷங்களா அனுப்பினீங்க. பாதிரி வந்தாரு, ஷேக்கு வந்தாரு. உங்க வீட்லேர்ந்து ஒருத்தன் இந்தப் பாயில ஒக்காரல."

நாங்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறதே என்றேன். அது எனக்குத் தெரியாதா, நான்தானே போட்டது என்றார். இவரோடு எப்படி வாதாடுவது? அவர் கட்டின வேலிக்குள் நாங்கள் மட்டும் இல்லை, அவரும்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது கேட்கிறேன், சல்தியை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீ குடிச்சிட்ட. குடிச்சவன் கேக்க முடியாது. கோப்ப வச்சது அந்தம்மா. கேக்கறதும் அவங்கதான் கேக்கணும். நீ சொல்லு, அவங்களுக்குப் புரியறமாதிரி சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா மறைக்கிற மூஞ்சி எனக்குத் தெரியும்."

இதைவிட அந்தக் கூஜாவை என் தலையில் ஊற்றியிருக்கலாம். ஆபீஸில் ஒருத்தரிடமும் சொல்லாததைப் பஸ் நிறைய அந்நியர் முன்னால் சொன்னேன். மோசேயையும் ஏரோதையும் ஆற்றுவெள்ளம் மாதிரி பேசுகிறவனுக்கு என் அண்ணன் என்ற இரண்டு சொல்லுக்கு இங்கிலீஷ் வரவில்லை. லாரி, வளைவு, ஆடுகள், நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை என்று நான் சொன்னபோது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நிமர் என்னைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

லொரெய்ன் அம்மாள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னிடம், "நான் எது கேட்டாலும் குடுத்துருவாரா?" என்றார்.

குடுத்தாயிற்று என்றேன்.

"அந்த ராஜா மாதிரியா?"

ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தார். கதையில் வருகிற பெண்ணும் இப்படித்தான் யோசித்திருப்பாள், அவளுக்குக் கேட்டுவர ஒரு தாய் இருந்தாள். இந்த அம்மாள் யாரிடமும் போகவில்லை. என்னைத் தாண்டி நேராக அபு முத்லக்கைப் பார்த்துப் பேசினார், நான் கூடவே சொல்லிக்கொண்டு போனேன்.

"எனக்கு இவங்க அண்ணனத் தெரியாது. ஒங்க மகனையும் தெரியாது. எனக்கு வேண்டியது இதுதான். அந்தப் பையங்கிட்டேர்ந்து ஒங்களுக்கு என்ன வேணுமோ அத வாய்விட்டுச் சொல்லுங்க. அது கெடைச்சா அவன வீட்டுக்கு விட்ருங்க."

மழை கூடாரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய மனுஷர்கள் வந்தபோதெல்லாம் நாங்கள் என்ன தரத் தயார் என்றுதான் சொல்லி அனுப்பினோம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்பியதில்லை. அபு முத்லக் தொண்டையைச் செருமினார். இரண்டாவது முறை செருமியபோதுதான் அது செருமல் இல்லை என்று தெரிந்தது.

"நிறுத்தணும்."

எனக்குப் புரியவில்லை.

"அவன் அந்த எடத்துல வண்டிய நிறுத்தணும். வேற யாரும் ஓட்டக் கூடாது, அவனே ஓட்டிட்டு வரணும். நிறுத்தி, எறங்கி, எம் மகன் கெடந்த எடத்துல நிக்கணும். அன்னிக்குப் போனானே, போனவன் இன்னும் போயிட்டேதான் இருக்கான் எனக்கு. அது நிக்கணும். அதுக்கப்புறம் அவன் லிப் தாண்டலாம், உங்க வீட்டத் தெறக்கலாம், எங்க வேணா போகலாம்."

மொழிபெயர்த்தேன். லொரெய்ன் அம்மாள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். வழக்கப்படி இனி அவர் காபியைக் குடித்து முடித்துவைக்க வேண்டும். அதுதான் முடியாதே. தியாப்பே கேட்டான், "இப்ப இதக் குடிக்கறது யாரு?" என்று. அபு முத்லக் ஒரு சின்னத் தட்டை எடுத்துக் கோப்பையை மூடினார்.

"யாருக்காக வச்சதோ அவன் வந்து குடிக்கட்டும்."

தியாப் கூஜாவை வைத்துவிட்டு மழையில் வெளியே போனான். துப்பாக்கி எடுக்கப் போகிறானோ என்று எனக்கு ஒரு பயம். திரும்பி வந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. வெள்ளம் கொஞ்சம் வடிந்ததும் பஸ்ஸைச் சங்கிலி போட்டு அக்கரைக்கு இழுத்து விட்டான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலியை அவிழ்க்கும்போது மட்டும், "கரக்காம், கரக்" என்று முணுமுணுத்தான்.

ஸர்காவில் அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த ரிமோட்டைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டான். வர மாட்டேன் என்றான். ஏமாத்திக் கொல்றதுக்குக் கூப்பிடறாங்க என்றான். அந்த மனுஷனுக்கு உன்னைக் கொல்ல வேண்டுமென்றால் நான் காபி குடித்துவிட்டு உயிரோடு திரும்பி வந்திருப்பேனா என்று கத்தினேன். பிறகு ஒரு நாள் அவனாகவே கேட்டான்.

"மக்காவிருக்கு வேற ரோடு ஏதும் போட்டுட்டாங்களா?"

இல்ல, அதே ரோடுதான் என்றேன். அவன் ரிமோட்டின் மூடியைத் திரும்பத் திரும்ப மூடினான், அது பொருந்தவே இல்லை. அவனைக் கொல்வார்கள் என்கிற பயம் இல்லை அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளிர் விட்டு வாதுமை மரங்கள் பூத்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். வருகிற நாளை அபு முத்லக்குக்குச் சொல்லி அனுப்பினோம். நிமர் தன் சின்ன வேனைக் கொடுத்தான், இந்தத் தடவை கிண்டல் எதுவும் இல்லாமல். அண்ணன் ஓட்டினான். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். லிப் தாண்டியது. திருப்பிடலாமா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன், மனதுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டு. அவன் திருப்பவில்லை.

வளைவில் கற்குவியலுக்குப் பக்கத்தில் அபு முத்லக் ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூஜா, அன்றைக்குத் தட்டால் மூடிய அந்தக் கோப்பை, இப்போது காலியாய். தியாப் தள்ளி முதுகு காட்டி நின்றான்.

வேன் அவரைத் தாண்டி இரண்டு மூன்று கஜம் உருண்டது. பிறகு நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான். கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. நான் உதவி செய்யப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சாவியை அவனே திருப்பினான். இன்ஜின் அடங்கியது. கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தான், இன்னொரு காலை வைத்தான். கற்குவியல்வரை நடந்து போய் நின்றான்.

அபு முத்லக் எழுந்திருக்கவில்லை. கோப்பையில் காபியை ஊற்றி நீட்டினார்.

"நிறுத்திட்டியா?" என்றார்.

"நிறுத்திட்டேன்" என்றான் அண்ணன்.